ஆச்சியின் ஆழாக்கு

சமையல் கட்டுரை என்றதும் தீபாவளிப் பலகாரம், பொங்கல் சிறப்பு என்று எண்ணிவிட வேண்டாம். காய்ச்சல் வந்த அன்றும், பரீட்சையில் தோற்று வந்த அன்றும், மழையில் ரயில் நின்றுபோய் தண்டவாளத்தில் நடந்தே வீடு வந்து சேர்ந்த அன்றும் நம் பாட்டிமார் ஆக்கிப் போட்டார்களே, அந்தச் சாப்பாட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். விருந்துச் சமையலுக்குப் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. இந்த ஆறுதல் சாப்பாட்டுக்குத்தான் பல வீடுகளில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. எங்கள் வீட்டிலும் இல்லை. அதனால் நான் பட்ட பாடு மற்றவர்களுக்கு உதவட்டும் என்றே இதை எழுதத் துணிந்தேன்.

எங்கள் பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. தாத்தா தாராவியில் தோல் பதனிடும் கம்பெனிக்கு வேலைக்கு வந்தார். ஆச்சி, அதாவது என் அம்மாவின் அம்மா, பிள்ளைகளோடு பின்னால் வந்து சேர்ந்தார். தாத்தா காலமான பிறகு குடும்பத்தைத் தாங்கியது ஆச்சியின் இட்லி வியாபாரம். விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டுவார்கள். மாவரைப்பது அம்மாவின் வேலை. ஆறு மணிக்குள் மாமா இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். இத்தனை அரிசிக்கு இத்தனை உளுந்து, இத்தனை இட்லி, இத்தனை ரூபாய் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. இன்றைக்கும் அம்மா அதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். விற்கிற இட்லிக்குத்தான் கணக்கு இருந்தது. வீட்டில் உண்கிற சோற்றுக்கு ஆச்சியின் கைதான் கணக்கு.

மூன்று முறை தோற்றேன்

சில வருடங்களுக்கு முன் அம்மாவுக்கு ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. செம்பூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்து பத்து நாள் ஆகியும் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு வாய்க்கு மேல் தட்டைத் தள்ளிவிடுவார். ஒருநாள் தானாகவே, "உளுந்தஞ்சோறு கெடைச்சா கொஞ்சம் சாப்பிடலாம்" என்றார். ஆச்சி போய் எட்டு வருடம் ஆகியிருந்தது. நான் ஒருநாளும் அதைச் செய்ததில்லை. அம்மாவும் செய்ததில்லை. மாவரைத்த கை, சோறு ஆக்கப் போனதில்லை.

எப்படிச் செய்வது என்று அம்மாவிடமே கேட்டேன். "ஒரு ஆழாக்கு அரிசி, ஒரு கை உளுந்து, ஒரு செம்புத் தண்ணி, பூண்டு, வெந்தயம், தேங்காய். அவ்வளவுதான்" என்றார்.

முதல் நாள், வீட்டில் இருந்த கோலம் அரிசியையும் இட்லிக்கு வைத்திருந்த வெள்ளை உளுந்தையும் போட்டுக் குக்கரில் வைத்தேன். பசை மாதிரி வந்தது. ஒரு வாய் தொட்டுப் பார்த்துவிட்டு அம்மா சொன்னார்: "ஏட்டி, இது பொங்கல்லா?" இரண்டாம் நாள் தோல் நீக்காத கறுப்பு உளுந்து வாங்கினேன். ஆனால் ஊறவைத்துத் தோலைக் கழுவி விட்டுவிட்டேன், வறுக்கவும் இல்லை. பச்சை வாடை அடித்தது. மூன்றாம் நாள் உளுந்தைப் பதமாக வறுத்தேன். வாசனை சரியாக வந்தது. ஆனால் அரிசி நறுக்கென்று நின்றது; உளுந்து இருந்த இடமே தெரியவில்லை. எங்கே பிழை என்று புரியவில்லை.

அன்றைக்கு மாலை பரணில் இருந்த ஆச்சியின் சாமான் மூட்டையைப் பிரித்தேன். பித்தளைச் செம்பு ஒன்றும், விளிம்பு நசுங்கிய பால்பவுடர் டப்பா ஒன்றும் இருந்தன. டப்பாவைப் பார்த்ததும் அம்மா, "அதுதான் ஆச்சி ஆழாக்கு" என்றார். நிஜ ஆழாக்கு ஊரிலேயே நின்றுவிட்டதாம். தாராவிக்கு வந்தபின் இந்த டப்பாதான் ஆழாக்காகிவிட்டது. மருந்துக் குப்பியோடு வரும் அளவு மூடியால் தண்ணீர் ஊற்றி அளந்தேன். டப்பா 250 மி.லி. பிடித்தது. செம்பு சரியாக ஒரு லிட்டர். நான் பயன்படுத்திய செம்போ முக்கால் லிட்டர்கூட இல்லை. "ஒரு கை உளுந்து" எவ்வளவு என்று அள்ளிக் காட்டச் சொன்னேன். அம்மா இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தி அள்ளினார். டப்பாவில் கொட்டினால் பாதி டப்பா. நான் போட்டதோ ஒற்றைக் கைப்பிடி!

உளுந்தஞ்சோறு

தேவையானவை: புழுங்கல் அரிசி 1 டப்பா (250 மி.லி.), தோலுடன் உடைத்த கறுப்பு உளுந்து அரை டப்பா, உரித்த பூண்டு 15 பல், வெந்தயம் அரைத் தேக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, தேங்காய் அரை மூடி துருவியது, தண்ணீர் 4 டப்பா (1 லிட்டர்), உப்பு தேவைக்கு.

செய்முறை: வெறும் சட்டியில் உளுந்தை மிதமான தீயில் வாசம் வரும்வரை வறுக்கவும். தோல் கறுப்பாக இருப்பதால் நிறத்தைப் பார்த்துப் பதம் சொல்ல முடியாது. மூக்கைத்தான் நம்ப வேண்டும். உளுந்தையும் அரிசியையும் சேர்த்துக் களைந்து, தோலைத் தேய்த்து எடுக்காமல், அரை மணி நேரம் ஊறவிடவும். தண்ணீர் கொதித்ததும் அரிசி, உளுந்து, பூண்டு, வெந்தயம், சீரகம் எல்லாவற்றையும் போட்டு வேகவைக்கவும். குக்கரானால் நான்கு விசில், பிறகு சிறு தீயில் ஐந்து நிமிடம். திறந்த சூட்டோடு தேங்காய்த் துருவலும் உப்பும் சேர்த்துக் கிளறி மூடி வைக்கவும். சோறு குழைவாக இருக்க வேண்டும், கூழாகிவிடக் கூடாது.

தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். கால் டப்பா எள்ளைக் கழுவி மணல் போக அரித்து வடித்து, வெறும் சட்டியில் படபடவென்று பொரியும்வரை வறுத்து உடனே தட்டில் கொட்டிவிடவும். சட்டியிலேயே விட்டால் கருகிக் கசக்கும். வறுத்த மிளகாய் வற்றல் நான்கு, நெல்லிக்காய் அளவு புளி, இரண்டு பல் பூண்டு, ஒரு பிடி தேங்காய், உப்பு சேர்த்துக் கெட்டியாக அரைக்கவும். சோற்றில் நல்லெண்ணெய் ஒரு கரண்டி விட்டுக்கொண்டால் வேறொன்றும் வேண்டாம்.

நான்காம் நாள் அம்மா ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்தபின், "ஆச்சி இன்னும் நாலு பூண்டு கூடப் போடுவா" என்றார். குறை சொல்லும் அளவுக்கு ருசி திரும்பிவிட்டதே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

அளவு ஏன் தவறுகிறது?

இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. ஆக ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. இந்த வாய்ப்பாடு சரிதான். ஆனால் படியே ஊருக்கு ஊர் வேறாக இருந்தது. 1956-ல் நாடாளுமன்றம் எடை, அளவுச் சட்டம் இயற்றியபின் கடைகளுக்குக் கிலோவும் லிட்டரும் படிப்படியாக வந்தன. அடுப்படிக்கு வரவில்லை. ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள் அளவின் பெயரை எடுத்து வந்தார்கள். பாத்திரத்தை எடுத்து வரவில்லை. டம்ளர், டப்பா, தேங்காய்ச் சிரட்டை என்று கைக்குக் கிடைத்தது எதுவோ அதுவே ஆழாக்காயிற்று. ஆகவே பாட்டி சொன்னதை அப்படியே எழுதி வைத்தாலும், பாத்திரத்தை அளக்காவிட்டால் பாதிதான் எழுதியதாகும்.

அளவுக்கு அடுத்தது பொருள். மும்பையில் நம்மவர்க்குக் கிடைக்காதது இல்லை. மாட்டுங்காவில் மணத்தக்காளி வற்றல், சுண்டை வற்றல், வாழைத்தண்டு, வாழைப்பூ எல்லாம் வாங்கலாம். தாராவி தொண்ணூறு அடிச் சாலைப் பக்கம் நம் ஊர்ச் சாமான் விற்கும் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் பக்கத்துக் கிரானா கடையில் என்ன பெயர் சொல்லிக் கேட்பது என்பதில்தான் இளையவர்கள் தடுமாறுகிறார்கள். புழுங்கல் அரிசி இங்கே "உக்டா தாந்தூள்". இந்தியில் "உக்டா சாவல்". தோல் உளுந்து "சில்கா உடத் தால்". எங்கள் எதிர்வீட்டு மராத்தியம்மாதான் எனக்கு உக்டா அரிசியைக் காட்டிக் கொடுத்தார். அவர்கள் வீட்டில் உடம்பு சரியில்லாதவருக்கு அதே அரிசியில் "பேஜ்" என்று கஞ்சி வைப்பார்களாம். குழைந்த சோற்றில் நெய்யும் மேத்கூட் பொடியும் பிசைந்து கொடுப்பதும் உண்டாம். நம் கஞ்சிக்கும் பருப்புப்பொடிச் சோற்றுக்கும் அவை அக்கா தங்கை அல்லவா!

எழுதி வைத்தவர் ஒருவர்

மாட்டுங்காவில் என் தோழி ஒருத்தி வீட்டில் அவள் பாட்டி காலத்து "சமைத்துப் பார்" இருக்கிறது. எஸ். மீனாட்சி அம்மாள் எழுதி 1951-ல் முதன்முதலாக வெளிவந்த புத்தகம். உறவுப் பெண்கள் ஓயாமல் குறிப்புக் கேட்டதால் எழுதத் தொடங்கியதாகச் சொல்வார்கள். கல்யாணமாகித் தூர தேசம் போன எத்தனையோ பெண்களுக்கு அது அருகில் இருந்து சொல்லிக் கொடுத்தது. தோழி வீட்டுப் பிரதியின் ஓரங்களில் எல்லாம் அவள் பாட்டி பென்சிலால் எழுதியிருக்கிறார்: "இந்த ஊர் புளிக்குப் பாதி போதும்", "மழைக்காலத்தில் மாவு புளிக்க ஒரு ராத்திரி போதாது" என்று. அச்சிட்ட குறிப்பைவிட அந்தப் பென்சில் வரிகளைத்தான் அவள் முதலில் பார்ப்பாளாம்.

அந்த நூல் பெரும்பாலும் பிராமண வீடுகளின் சைவச் சமையல். நெல்லை, மதுரை, கொங்கு, சேலம் என்று ஒவ்வொரு சீமையிலிருந்தும் இங்கே வந்தவர்களின் அடுப்படிச் செல்வத்தை அவரவர்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

இன்னும் இரண்டு

உளுந்தங்களி: பெரியவளான பெண்ணுக்கும், பிள்ளை பெற்றவளுக்கும் எங்கள் பக்கம் கொடுப்பது. வறுத்த தோல் உளுந்து நான்கு பங்கு, அரிசி ஒரு பங்கு சேர்த்து நைஸாகத் திரித்துக்கொள்ளவும். மாவு 1 டப்பா, கருப்பட்டி 200 கிராம், தண்ணீர் 3 டப்பா, நல்லெண்ணெய் அரை டப்பாவுக்குச் சற்றுக் குறைய. கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கவிட்டு, மணல் போக வடிகட்டி ஆறவிடவும். ஆறியபின் மாவைக் கரைத்து அடுப்பேற்றினால் கட்டி தட்டாது. சிறு தீயில் கிளறிக்கொண்டே எண்ணெயைச் சிறிது சிறிதாக விடவும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாமல் வருவதே பதம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கருப்பட்டியும் இனிப்புதான் என்பதை மறக்க வேண்டாம்.

பழைய சோறு: இதற்கு என்ன குறிப்பு என்று சிரிப்பீர்கள். ஊரில் மண்பானையில் விடிய விடியக் கிடக்கும் சோறு, இங்கே மே மாத வெக்கையில் சீக்கிரமே அளவுக்கு மீறிப் புளித்துவிடும். புளிக்க வைப்பது தண்ணீரில் பெருகும் நுண்ணுயிர்கள். சூடு கூடினால் அவற்றின் வேலையும் விரைவாகும். எனவே சோறு ஆறியதும் நல்ல தண்ணீர் ஊற்றி, எட்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் விடாமல் காலையிலேயே மோர், உப்பு, சின்ன வெங்காயத்தோடு சாப்பிட்டு விடவும். இளம் புளிப்பு வாசம் இருக்கலாம். நூலாக இழுத்தாலோ கெட்ட வாடை வந்தாலோ கொட்டிவிட வேண்டியதுதான். இதற்கும் புழுங்கல் அரிசியே நல்லது. பச்சரிசி கரைந்து கூழாகிவிடும்.

எப்படி எழுதுவது?

என் அனுபவத்தில் நான்கு விஷயங்களை விடாமல் எழுத வேண்டும்.

1. பாத்திரம்: பெரியவர்கள் எதனால் அளக்கிறார்களோ அதில் தண்ணீர் ஊற்றி மி.லி. கணக்கு எடுங்கள். "ஒரு கை" என்றால் அள்ளிப் போடச் சொல்லித் தராசில் நிறுத்துப் பாருங்கள்.

2. பொருளின் பெயர்: தமிழ்ப் பெயரும், இந்த ஊர்க் கடையில் கேட்கும் பெயரும்.

3. பதம்: எத்தனை நிமிடம் என்பதோடு என்ன வாசம், என்ன சத்தம், தொட்டால் எப்படி என்பதும்.

4. யாருக்கு, எப்போது: இது காய்ச்சலுக்கா, பிள்ளை பெற்றவளுக்கா, மழை நாளுக்கா என்பது. காரணம் தெரிந்தால்தான் பிள்ளைகள் வேண்டிய நேரத்தில் நினைத்துப் பார்ப்பார்கள்.

கேட்டு எழுதுவதைவிட, அவர்கள் செய்யும்போது பக்கத்தில் நின்று எழுதுவதே மேல். கேட்டால் "அவ்வளவுதான்" என்று முடித்துவிடுவார்கள். வறுத்ததையும் ஊறவைத்ததையும் சொல்லத் தோன்றாது. அவர்களுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமே அல்ல.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. உடம்பு தேறிவிட்டார். ஆனால் சில நாட்களாகப் பெயர்கள் மறந்துபோகின்றன. போன வாரம் சொதிக்கு முதல் பால் எப்போது ஊற்றுவது என்று கேட்டேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "நாளைக்குச் சொல்லுதேன்" என்றார். மறுநாள் கேள்வியே நினைவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரத்தை அவருக்கென்று ஒதுக்கியிருக்கிறேன். புனாவில் படிக்கும் என் மகள் வீட்டுக்கு வரும் வாரங்களில் நோட்டும் பேனாவுமாக அவள் உட்காருவாள். நான் அடுப்படியில் நிற்பேன். அம்மா நாற்காலியில் இருந்தபடி திருத்துவார். இதுவரை பதினேழு குறிப்புகள் ஆகியிருக்கின்றன. ஆச்சியின் டப்பாவை நாங்கள் அரிசிப் பானைக்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு டப்பா இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமையே பாட்டியிடமோ அம்மாவிடமோ கேட்டு அதைத் தேடி எடுத்து, தண்ணீர் ஊற்றி அளந்துவிடுங்கள். குறிப்பை அதன்பிறகு எழுதிக்கொள்ளலாம்.