விண்ணப்பமும் தராசும்

ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு விண்ணப்பம் எழுதுவது எளிதா, தோழர்களே? கேள்வி என்ன, விடை தேடும் வழி எது, ஆண்டு எத்தனை, செலவு எவ்வளவு, வழி அடைபட்டால் மறுவழி எது? ஐந்துக்கும் அயல் துறையாருக்கும் விளங்கும் பதில் வேண்டும்.

அது மட்டும் போதுமா?

ஹங்கேரியில் இறைச்சிக் கடைக்காரர் மகளாகப் பிறந்து, 1985-ல் அமெரிக்கா சென்றவர் கத்தலின் கரிக்கோ. புரதம் செய்ய உயிரணுவுக்குக் கட்டளை கொண்டு செல்லும் எம்.ஆர்.என்.ஏ.வை மருந்தாக்கலாம் என்று விண்ணப்பித்தார். மறுத்தனர். மீண்டும் எழுதினார், மீண்டும் மறுத்தனர். பணம் கொண்டு வரவில்லையென்று 1995-ல் பென்சில்வேனியா பல்கலைக் கழகம் பதவியைக் குறைத்தது. சோர்ந்தாரா? இல்லை! ட்ரூ வைஸ்மனோடு சேர்ந்து, உடல் அதை எதிர்த்துக் கொதிக்காதிருக்கும் வழியை 2005-ல் வெளியிட்டார். 2020-ல் எம்.ஆர்.என்.ஏ. வகைக் கோவிட் தடுப்பூசிகளுக்கு அதுவே அடிப்படை. 2023-ல் இருவருக்கும் நோபல் பரிசு!

அங்கே நடந்தது இங்கே நடக்க வேண்டாம். செம்மையாக எழுத நம் பிள்ளைகள் கற்கட்டும். நிறுக்கும் தராசோ, கேட்பவர் பேரையல்ல, கேள்வியின் வலிவை நிறுக்கட்டும். அதைக் கேட்கும் உரிமை நமக்குண்டு. தீப்பெட்டி முதல் வேட்டி வரை வரி கொடுப்பவர் நாமல்லவா!