இழுத்தால் அகலமாகுமா எழுத்து?

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்து பாருங்கள். ஜிம், செல்போன் கடை, பைக் ஸ்டிக்கர் கடை... இங்கிலீஷ் போர்டுகளில் ஒரு ஜாடை அடிக்கடி கண்ணில் படும். பயில்வான் மாதிரி குண்டாக, அகலமாக, மூலையை மட்டும் மழுக்கிய சதுரமாக! பார்த்தாலே ராக்கெட் கிளம்பப் போகிற எஃபெக்ட்.

இந்த ஜாடைக்குத் தாத்தா இத்தாலியில் இருக்கிறார். டூரின் நகரத்து நெபியோலோ கம்பெனி 1952-ல் 'மைக்ரோகிராமா' என்ற அச்செழுத்தை வெளியிட்டது. வரைந்தவர்கள் அலெஸாண்ட்ரோ புட்டி, ஆல்டோ நோவரேஸே. அதில் கேப்பிடல் லெட்டர் மட்டும்தான். சின்ன எழுத்தையும் சேர்த்து 1962-ல் நோவரேஸே கொண்டுவந்தது 'யூரோஸ்டைல்'. பழைய டி.வி. பெட்டியின் திரை இருக்குமே, அதே வடிவம். '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' (1968) படத்தில் விண்கலத்துக்குள் இந்த எழுத்தைப் போட்டாலும் போட்டார்கள், எதிர்காலம் என்றாலே இதுதான் என்றாகிவிட்டது.

சரி, தமிழுக்கு?

என் மச்சான் ஒருத்தன் பேங்க் லோன் போட்டு, ரிங் ரோட்டில் பைக் சர்வீஸ் கடை திறந்தான். "மாப்ள, போர்டு ராக்கெட் மாதிரி இருக்கணும். ஆனா தமிழ்லதான் இருக்கணும்" என்று ஒரே அடம். ஃப்ளெக்ஸ் கடைப் பையன் சாதா எழுத்தைக் கம்ப்யூட்டரில் பக்கவாட்டில் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தான் பாருங்கள்... வீச்சு பரோட்டா தோற்றது! நிற்கிற கோடெல்லாம் நாயக்கர் மகால் தூணாகத் தடித்துவிட்டது. படுத்த கோடு பழையபடி ஒல்லி. புள்ளியெல்லாம் கோழிமுட்டை. எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் 'ர' எது, துணைக்கால் எது என்றே புரியவில்லை. பைக்கில் அறுபதில் போகிறவன் எங்கே படிப்பான்? லோன் தவணை மட்டும் கரெக்டாக வந்துவிடும்!

விஷயம் இதுதான். அகல எழுத்தை இழுக்கக் கூடாது. அகலமாகவே வரைய வேண்டும். ப, ம, ட எல்லாம் சமர்த்துப் பிள்ளைகள், சதுரத்தில் அடங்கி உட்காரும். வம்பு செய்வது இ, ண, ஞ. கோட்டைத் தடியாக்கினால் சுழிக்குள் இருக்கும் ஓட்டை அடைத்துக்கொள்ளும். 'ண'வுக்கும் 'ன'வுக்கும் ஒரே முகமாகிவிடும்.

அப்படி அகலத்துக்கென்றே வரைந்த எழுத்துரு தமிழில் இருக்கிறது. 'ஏக் டைப்' நிறுவனத்தின் 'அனேக் தமிழ்' 2022-ல் இலவசமாகவே வந்தது. தமிழை வரைந்தவர் ஆதர்ஷ் ராஜன். அகலம் 75-லிருந்து 125 வரை, தடிமன் 100-லிருந்து 800 வரை நம் இஷ்டம். ராக்கெட் முகம் கிடையாதுதான். ஆனால் எவ்வளவு அகலமாக்கினாலும் கோட்டின் கனம் கோணாது, புள்ளியும் முட்டையாகாது.

அதற்காக எல்லாவற்றையும் அகலத்தில் அடிக்காதீர்கள். 'திருப்பரங்குன்றம்' பத்து எழுத்து. பழங்காநத்தத்தில் 'தி' போட்டால் பசுமலையில்தான் 'ம்'முக்குப் புள்ளி வைக்க முடியும்! மூன்று, நான்கு எழுத்துப் பெயருக்கு மட்டும் அகலம். அட்ரஸ், போன் நம்பரெல்லாம் சாதாவிலேயே இருக்கட்டும்.

மச்சானுக்கு அப்படித்தான் புது போர்டு மாட்டினோம். இப்போது பாலத்து மேலிருந்தே கடைப் பெயரைப் படிக்கிறார்களாம். "உள்ளே 'கடன் கிடையாது'ன்னு எழுதியிருக்கறதைத்தான் ஒருத்தனும் படிக்க மாட்டேங்கறான் மாப்ள. அதையும் 800-ல அடிச்சிரலாமா?" என்கிறான்.