பழைய குறுந்தகட்டுப் பெட்டியும் புதிய ஒலி மாற்றியும்

கொட்டச்சேடு போன்ற மலையூர்களில் மாரிக்காலம் வந்துவிட்டால், துணிமணிகளும் புத்தகங்களும் மட்டுமல்ல, மின் கருவிகளும் ஈரத்தால் நலிகின்றன. சேர்வராயன் மலையின் மூடுபனி வீட்டுக்குள்ளும் புகுந்துவிடுமன்றோ? அலமாரியில் பல்லாண்டு உறங்கிய கையடக்கக் குறுந்தகட்டுப் பெட்டியை எடுத்து முடுக்கிப் பாருங்கள். தகடு சுழலும், ஆனால் ஹெட்போனில் கரகரப்பு மிகும், அல்லது ஒரு காதில் ஒலியே இராது. ‘இதன் காலம் முடிந்தது’ என்று பெட்டியை எறிந்துவிடுகிறோம். பெட்டி போனபின் தகடுகளும் போய்விடுகின்றன. அவற்றுள் அகில இந்திய வானொலி தன் ஒலிக்களஞ்சியத்திலிருந்து வெளியிட்ட கச்சேரி இருக்கலாம். பாட்டியின் தாலாட்டைப் பதிந்து வைத்த தகடும் இருக்கலாம். பின்னதை எந்தக் கடையில் மீண்டும் வாங்குவது? ஆகவே, பெட்டியில் கெட்டது எது, கெடாதது எது என்று முதலில் ஆராய்தல் வேண்டும்.

குறுந்தகடு 1982-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. அதில் இருப்பது ஒலியன்று, எண்களே. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் ஒருவர், அடிக்கு அடி மலையின் உயரத்தை அளந்து ஏட்டில் குறித்துக்கொண்டே வருகிறார் என்று கொள்வோம். அம்மலையைக் கண்டிராதவரும் அந்த எண்களைக் கொண்டு அதன் ஏற்ற இறக்கத்தை வரைந்துவிடலாம். ஒலியலையையும் இவ்வாறே ஒரு நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். சிறு கீறலால் சில எண்கள் மறைந்தாலும், அவற்றைக் கணக்கிட்டு மீட்கும் ஏற்பாடும் தகட்டிலேயே உண்டு.

பெட்டியின் வேலைகள் மூன்று. எண்களைப் படிப்பது முதலாவது. அவற்றை மின்னலையாக மாற்றுவது இரண்டாவது. அவ்வலையைப் பெருக்கி ஹெட்போனுக்கு அனுப்புவது மூன்றாவது. நம் மலைக் காற்றின் ஈரத்தால் பெரும்பாலும் பழுதடைவது மூன்றாம் பகுதியும், செருகுமிடத்து உலோகத் தொடர்புகளுமே. எண்களைப் படிக்கும் முதற்பகுதி நலமாயிருக்குமானால், மற்ற இரண்டு வேலைகளையும் வேறு கருவிகளிடம் ஒப்படைக்கலாம். எண்களை அலையாக்கும் தனிக் கருவியே டிஜிட்டல் ஒலி மாற்றி. கடைக்காரர்கள் இதனை டி.ஏ.சி. என்பர்.

எண்கள் வெளியே வர வழியுண்டா என்று எப்படி அறிவது? 1990-களில் வந்த பல பெட்டிகளில் ‘லைன் அவுட்’ என்னும் துளையருகே ‘ஆப்டிகல்’ என்ற சொல்லும் பொறிக்கப்பட்டிருக்கும். தகடு ஓடும்போது அத்துளையின் முன் ஒரு வெள்ளைத்தாளைப் பிடியுங்கள். சிவந்த ஒளி தெரிந்தால், எண்கள் ஒளித்துடிப்புகளாக வெளிவருகின்றன என்று பொருள். ஒளி இல்லையேல், அப்பெட்டிக்கு மாற்றி வாங்குவது வீண் செலவு.

வாங்கும்போது ஒன்றைக் கவனித்தல் வேண்டும். யூ.எஸ்.பி. வாயில் மட்டும் உள்ள மாற்றி இதற்கு உதவாது. அது கணிப்பொறியோடும் கைப்பேசியோடும் உறவாடப் பிறந்தது. ‘ஆப்டிகல்’ வாயில் உள்ளதையே கேளுங்கள். இணைக்கும் ஒளியிழைக் கம்பியின் ஒரு முனை ஹெட்போன் முனைபோல் மெலிந்தும், மறுமுனை சதுரமாகவும் இருத்தல் வேண்டும். அக்கம்பியைக் கூர்மையாக மடிக்கலாகாது. அதில் செல்வது மின்சாரமன்று, ஒளி. ஆதலால் துருவேறிய உலோகத்தின் கரகரப்பும், மின் இணைப்பு வழியே வரும் ‘ஹம்’ என்னும் முரலொலியும் அதன் வழியே வாரா.

மாற்றியிலிருந்து ஒலிபெருக்கிக்குச் சாதாரணக் கம்பியால் இணையுங்கள். பெட்டியின் ஒலியளவுக் குமிழ் இவ்வழியில் பயன்படாது. எனவே ஒலிபெருக்கியின் அளவைக் குறைத்து வைத்த பின்னரே தகட்டை ஓடவிடுக. அதிர்வைத் தாங்கும் நினைவக வசதியையும் நிறுத்திவிடுக. பல பெட்டிகளில் அது எண்களைச் சுருக்கிச் சேமிப்பதால், ஒலியின் நுட்பம் சிறிது குறையும்.

ஐபாட் வைத்திருப்போருக்கும் ஒரு சொல். 2001-இல் வெளிவந்த அக்கருவியில் ஒளிவழி இல்லை. 2003-க்குப் பின் வந்த பலவற்றில் உள்ள 30 முனை இணைப்பின் வழியே எண்களைப் பெற, ஆப்பிள் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற தனிக் கருவி தேவை. எனினும், அதே இணைப்பிலிருந்து ஹெட்போன் பெருக்கியைத் தொடாமல் மின்னலையைப் பெறும் எளிய கம்பி உண்டு. பலருக்கு அதுவே போதும்.

மாற்றி மந்திரக்கோலன்று. பழைய அரக்கு இசைத்தட்டிலிருந்து தகட்டுக்கு ஏற்றிய பாட்டில் இரைச்சல் இருந்தால், அது இருந்தே தீரும். பதிவில் இல்லாத இனிமையை எக்கருவியும் படைக்காது; உள்ளதை மறைக்காமல் தருவதே அதன் தொழில்.

வீட்டில் பதிவு செய்த தகடுகளைப் பற்றி மட்டும் தாமதம் கூடாது. ஆலையில் அச்சிட்ட தகடு போலன்றி, அவற்றில் எண்களைத் தாங்குவது ஒரு சாயப்பூச்சு. வெயிலும் ஈரமும் அதனைக் கெடுக்கும். பெட்டி பேசத் தொடங்கியதும் முதலில் அத்தகடுகளைக் கேட்டுப் பாருங்கள். நலமாயிருப்பவற்றைக் கணிப்பொறியில் உடனே படியெடுத்து வையுங்கள். பெட்டிக்கு மாற்று உண்டு. பாட்டியின் குரலுக்கு இல்லை.