கடல் கடந்த ஜப்பானியரின் வழித்தோன்றல்கள்

பென்னலூர் என்பது சென்னையினின்றும் பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்பூதூரை அடுத்துள்ள ஊர். ஏரியும் வயலுமாய் விளங்கிய இவ்வட்டாரம், ஒரகடம் வரையில் இன்று தொழிற்சாலைகளின் நிலமாய் மாறிவிட்டது. 2010ஆம் ஆண்டில் ஒரகடத்தில் ரெனோ, நிஸ்ஸான் என்னும் இரு கம்பெனியாரின் கூட்டு மோட்டார்த் தொழிற்சாலை திறக்கப்பெற்றது. கொமாட்ஸு, யமஹா முதலிய ஜப்பானியக் கம்பெனிகளும் இப்பகுதியில் தொழிற்சாலைகள் நிறுவின. அவற்றை முன்னிட்டு ஜப்பானியப் பொறியாளர் பலர் ஈண்டு வந்து, சில ஆண்டு தங்கி, தவணை முடிந்ததும் தம் நாடு மீள்கின்றனர். இவர்களைக் காணும் நம்மவருட் சிலர், ஜப்பானியர் அயல்நாட்டில் வேரூன்றும் இயல்பினர் அல்லர் என்று கருதுவதுண்டு. அக்கருத்து உண்மைக்குப் பொருந்தாது. நூறாண்டுக்கு மேலாகப் பிறநாடுகளிற் குடியிருந்து, மகனும் பேரனும் பேரன் மகனுமாகப் பெருகிய ஜப்பானியக் குடும்பங்கள் பல இலட்சம் உள்ளன. பிரேஸில் நாட்டில் மட்டும் அவ்வழியினர் ஏறத்தாழ 20 இலட்சம் பேர் ஆவர். அவர்தம் வரலாற்றைச் சுருக்கமாய் எடுத்துரைத்து, கடல் கடந்த நம் தமிழ்க் குடிகளின் வரலாற்றோடு ஒப்பிட்டுக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஜப்பானியர் இத்தகைய குடிகளைத் தலைமுறை எண்ணிப் பெயரிட்டு வழங்குவர். ‘ஸே’ என்பது அவர்கள் மொழியில் தலைமுறையைக் குறிக்குஞ் சொல். கப்பலேறிச் சென்றவர் ‘இஸ்ஸே’, அஃதாவது முதல் தலைமுறையினர், அயல்நாட்டிற் பிறந்த அவர் மக்கள் ‘நிஸே’, பேரர் ‘ஸன்ஸே’, அவர்க்குப் பிறந்தோர் ‘யொன்ஸே’. இவர் அனைவரையும் ஒருங்கே ‘நிக்கே’ என்பர். தமிழராகிய நாமும் கடல் கடந்து பல நாடுகளிற் குடியேறினோமாயினும், இவ்வாறு எண்ணிட்டு வழங்கும் வழக்கம் நம்மிடை இல்லை. இப்பெயர்கள் வெறும் எண்ணுப்பெயர்களும் அல்ல; ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒவ்வொரு வகையான வாழ்வும் துன்பமும் வாய்த்தமையால், பெயர் கூறிய அளவிலே அத்தலைமுறையின் நிலை கேட்போர்க்கு விளங்கும்.

இனி, அவர்கள் ஏன் நாடு நீங்கினர் என்பதைக் காண்போம். 1868இல் ஜப்பானில் மெய்ஜி அரசு தோன்றியது. 1873இல் அவ்வரசு நிலவரியை நெல்லாகக் கொள்ளாது பணமாகக் கொள்ளும் முறையை ஏற்படுத்திற்று. விளைவு குன்றினும் விலை வீழ்ந்தாலும் வரி குறைந்திலது. ஆதலின் 1880க்குப் பின் நெல்விலை இறங்கியபோது உழவர் பலர் நிலமிழந்தனர். நிலமும் மனையும் மூத்த மகனுக்கே உரிய வழக்கம் ஆதலின், இளையோர்க்கு ஊரில் வாழ வழியில்லை. 1885இல் இரு நாட்டரசுகளின் உடன்படிக்கைப்படி ஹவாயித் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலியாட்கள் சென்றனர். 1899இல் 790 பேர் பெரு நாட்டை அடைந்தனர். 1908 ஜூன் 18இல் ‘கஸாத்தோ மாரு’ என்னும் கப்பல் 781 பேருடன் பிரேஸிலின் ஸான்டோஸ் துறையை அடைந்தது. அவர்கள் காப்பித் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர்.

இவ்விடத்து நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பிரேஸிலில் அடிமைமுறை ஒழிந்தது 1888இல். அடிமைகள் விடுதலை பெற்ற தோட்டங்களுக்கே ஒப்பந்தக் கூலிகள் தேவைப்பட்டனர். தமிழர் கடல் கடந்ததும் இவ்வாறே. பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் 1834இல் அடிமைமுறை நீங்கவே மொரீஷியஸுக்கும், பிரெஞ்சு நாடுகளில் 1848இல் நீங்கவே ரீயூனியனுக்கும் நம்மவர் மிகுதியாகக் கொண்டுசெல்லப்பட்டனர். 1860 நவம்பர் 16இல் ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து நேட்டால் நாட்டின் டர்பன் துறையை அடைந்தது. ஸான்டோஸில் இறங்கிய ஜப்பானியனும் டர்பனில் இறங்கிய தமிழனும் ஒருவரையொருவர் அறியார். எனினும் இருவரையும் அழைத்த தேவை ஒன்றே.

முதல் தலைமுறையினர் சில ஆண்டு உழைத்துப் பொருளீட்டி ஊர் திரும்பவே எண்ணினர். கூலி குறைவும் கடனும் அவ்வெண்ணத்தைத் தடுத்தன. மணமும் மக்கட்பேறும் அதனை முற்றும் மாற்றின. அமெரிக்க ஐக்கிய நாட்டிலோ அவர்க்குச் சட்டமும் பகையாயிற்று. வெள்ளையரும் ஆப்பிரிக்க வழியினரும் அன்றிப் பிறர் குடியுரிமை பெறுதற்கு அந்நாட்டுச் சட்டம் இடந்தரவில்லை. பல்லாண்டு அங்கு வாழ்ந்து, ஆங்கிலத்தையே இல்லத்து மொழியாகவுங் கொண்ட தக்காவோ ஒஸாவா என்பவர் தொடுத்த வழக்கை 1922இல் உயர்நிலை நீதிமன்றம் தள்ளிவிட்டது. அடுத்த ஆண்டிலேயே பகத்சிங் திண்ட் என்னும் இந்தியரின் வழக்கும் அவ்வாறே முடிந்தது. குடியுரிமை பெறத் தகாதவர் நிலம் வாங்குதல் கூடாதெனக் கலிபோர்னியா மாகாணம் 1913இலேயே சட்டம் இயற்றியிருந்தது. ஆனால் அந்நாட்டு மண்ணிற் பிறந்த குழந்தை பிறப்பாலேயே குடியுரிமை உடையது. ஆகவே இஸ்ஸே பலர், தம் உழைப்பால் வாங்கிய நிலத்தைத் தொட்டிலிற் கிடந்த மக்கள் பெயரால் எழுதினர். தந்தை உழுதான், உரிமை மகன்பாற் கிடந்தது. சட்டத்தின் கண்ணில் தந்தை அயலான், மகன் குடிமகன்.

இரண்டாந் தலைமுறையாகிய நிஸேயரின் வாழ்வு இவ்விரட்டை நிலையினின்றே தொடங்குகின்றது. பகலில் ஆங்கிலப் பள்ளியிலும், மாலையில் பெற்றோர் பொருளுதவியால் நடந்த ஜப்பானிய மொழிப் பள்ளியிலும் அவர்கள் பயின்றனர். ஹவாயி அரசு அம்மாலைப் பள்ளிகளை அடக்க முயன்றபோது, பெற்றோர் வழக்காடி 1927இல் உயர்நிலை நீதிமன்றத்தில் வெற்றி பெற்றனர். சிலர் தம் மக்களைக் கல்விக்காக ஜப்பானுக்கே அனுப்பினர். அங்ஙனம் சென்று மீண்டோர்க்குக் ‘கிபே’ என்று தனிப்பெயரும் உண்டு. ஆயினும், தாய்மொழியைப் பேணிய இச்செயலே பின்னர் ஐயத்திற்கு இடமாயிற்று.

1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. 1942 பிப்ரவரி 19இல் குடியரசுத்தலைவர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த 9066ஆம் எண் ஆணையின் பயனாக, மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வழியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடும் நிலமும் கடையும் விட்டுப் பாலைநிலத்து முகாம்களிற் சிறை வைக்கப்பட்டனர். அவருள் மூன்றில் இரு பங்கினர் அந்நாட்டுக் குடிமக்கள். தொகையால் மிக்கிருந்தும் ஹவாயியில் அவ்வாறு செய்திலர். அங்கு மக்கட்தொகையில் மூன்றில் ஒரு பங்கினரான அவர்களைச் சிறையிட்டால் தீவின் தொழில்கள் நின்றுவிடும். அச்சம் உண்மையாயின், கரையில் இருந்தோரினும் கடல் நடுவில் இருந்தோர்பாலன்றோ மிகுதியும் செல்லுதல் வேண்டும்?

1943இல் முகாமில் இருந்தோர்க்கு ஒரு வினாத்தாள் வழங்கப்பட்டது. ஜப்பானியப் பேரரசர்பால் வைத்த பற்றைத் துறப்பாயா என்பது அதில் அடங்கிய ஒரு கேள்வி. இஸ்ஸே ஒருவர் ‘ஆம்’ என்பாராயின், அமெரிக்கக் குடியுரிமை பெறவியலாத அவர் எந்நாட்டுக்கும் உரியரல்லர் ஆவார். நிஸே இளைஞன் ‘ஆம்’ என்பானாயின், முன்னர் அத்தகைய பற்று உடையனாயிருந்தான் என்று பொருள்படும். ‘இல்லை’ என்பானாயின் துரோகியாவான். அவ்வாறிருந்தும் பல்லாயிரம் நிஸேயர் படையிற் சேர்ந்தனர். அவர்களாலமைந்த 442ஆம் படைப்பிரிவு இத்தாலியிலும் பிரான்ஸிலும் பொருது, தன் அளவையும் சேவைக்காலத்தையும் நோக்க, அந்நாட்டுப் படைகளுள் மிகுதியான விருதுகளைப் பெற்றது. அப்போரில் வலக்கையை இழந்த டேனியல் இனோயே பின்னாளில் ஹவாயியின் செனட்டராகி, 2012இல் இறக்குமளவும் அப்பதவியில் வீற்றிருந்தார்.

பிரேஸிலில் நேர்ந்தது வேறு. 1938இல் அந்நாட்டரசு அயல்மொழிப் பள்ளிகளை மூடிற்று. பின்னர் ஜப்பானியப் பத்திரிகைகளும் நின்றன. போர்த்துகீஸிய மொழி அறியாத முதியோர்க்கு உலகச் செய்தி அறியும் வாயில் அடைபட்டது. 1945இல் ஜப்பான் சரணடைந்தபோது அவருட் பலர் அதனை நம்ப மறுத்தனர். ‘வென்றோம்’ என்பாரும் ‘தோற்றோம்’ என்பாருமாய்ப் பிளவுண்டனர். தோல்வியை ஒப்புக்கொண்டோர் சிலர் தம் இனத்தாராலேயே கொல்லப்பட்டனர். ஒரு குடியின் மொழியை அடக்கினால் அக்குடி அரசுக்கு நெருக்கமாகும் என்று எண்ணினோர்க்கு இந்நிகழ்ச்சி தக்க மறுமொழியாகும். நம் நாட்டிலும் அந்நாளில் ஜப்பானியக் குடும்பங்கள் சிறையிருந்தன என்பதைப் பலர் அறியார். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வணிகஞ் செய்து வாழ்ந்தோரைப் பிரிட்டிஷார் பிடித்து, தில்லியின் பழைய கோட்டையிலும் பின்பு இராஜபுதனத்துத் தேவோலியிலும் 1946 வரையில் அடைத்து வைத்தனர்.

போருக்குப்பின் நிஸேயர் முகாம் வாழ்வைக் குறித்து மக்களிடம் பெரும்பாலும் வாய்திறந்திலர். நாணமும் அச்சமும் அவர் நாவைக் கட்டின. பிள்ளைகள் ஐயுறப்படாது வளர வேண்டுமென்று ஆங்கிலமே பேசி வளர்த்தனர். அம்மௌனத்தைக் கலைத்தவர் மூன்றாந் தலைமுறையினர். 1969இல் ஸன்ஸே மாணவர் பலர் மன்ஸனார் என்னும் பழைய முகாமுக்குப் பயணஞ் செய்து, தம் பாட்டனார் சிறையிருந்த மண்ணைக் கண்டனர். நிஸேயரும் அவரோடு கூடி நீதி கேட்டனர். இறுதியில் 1988இல் அரசு சட்டமியற்றி மன்னிப்புக் கோரி, உயிருடன் இருந்த ஒவ்வொருவர்க்கும் 20,000 டாலர் அளித்தது. இஸ்ஸேயருட் பெரும்பாலோர் அதற்குள் மறைந்து போயினர்.

மற்றொரு விந்தை, பேரர் பாட்டனார் நாட்டிற்கே கூலியாட்களாய்ச் சென்றமை. தொழிற்சாலைகளுக்கு ஆள் வேண்டிய ஜப்பான், 1990இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால், மூன்றாந் தலைமுறை வரையில் உள்ள வழித்தோன்றல்கள் வந்து தொழில் செய்ய இடந்தந்தது. குருதி ஒன்றாயின் வாழ்வும் எளிதில் ஒன்றும் என எண்ணினர் போலும். பிரேஸிலிலிருந்து சென்றோர் 2007 அளவில் மூன்று இலட்சத்தைக் கடந்தனர். ஹமமாத்ஸு முதலிய நகரங்களில் மோட்டார் உறுப்புக்கள் செய்யும் தொழிலில் அமர்ந்தனர். முகம் ஜப்பானிய முகம், பேச்சோ போர்த்துகீஸியம். பிரேஸிலில் ‘ஜப்பானியன்’ எனப்பட்டவன் ஜப்பானில் ‘பிரேஸில்காரன்’ எனப்பட்டான். 2008இல் உலக வாணிகம் தளர்ந்து வேலை குன்றியதும், 2009இல் அவ்வரசே ஆளுக்கு 3 இலட்சம் யென் வழிச்செலவு தந்து திரும்பிப் போகச் சொல்லிற்று. அவ்வுரிமையின்பேரில் மீண்டும் வருதல் கூடாதென்ற நிபந்தனையும் விதித்தது.

இது கேட்கும் தமிழர்க்கு இலங்கை மலையகத்தார் நினைவுக்கு வாராதிரார். தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாய் உழைத்த அவர்கள், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோர் ஆயினர். 1964 அக்டோபரில் சாஸ்திரியாரும் ஸ்ரீமாவோ அம்மையாரும் செய்த உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. இந்தியாவையே கண்டறியாதோர் பலர் ‘தாயகம் திரும்பியோர்’ என்னும் பெயருடன் வந்திறங்கினர். அவர்க்கென்றே 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. அங்கே இந்தியத் தமிழர் எனப்பட்டோர் இங்கே சிலோன்காரர் எனப்பட்டனர்.

மொழியின் நிலையும் ஈண்டு ஆராயத்தக்கது. தென்னாப்பிரிக்காவில் முதலியார் ‘மூட்லி’ எனவும், கவுண்டர் ‘கோவெண்டர்’ எனவும் திரிந்து நிற்கின்றனர். பெயர் நின்றது, தமிழ்ப் பேச்சு பெரும்பாலும் நீங்கிற்று. ரீயூனியனில் தீமிதியும் காவடியும் நிலைத்தன, மொழி நிலைக்கவில்லை. மொரீஷியஸின் பணத்தாளில் தமிழெழுத்து உண்டு. இல்லத்தில் வழங்குவதோ பெரும்பாலும் கிரியோல் மொழி. மலேசியாவிலோ ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இன்றும் நடக்கின்றன; அங்குத் தமிழ் வாழ்கின்றது. பற்றில் மிகுந்தோர் குறைந்தோர் என்பதன்று காரணம். பள்ளி உள்ள இடத்திலும், தாயகத்தோடு போக்குவரவு நெடுங்காலம் நீடித்த இடத்திலும் மொழி நிற்கின்றது. இவ்விரண்டும் அற்ற இடத்தில் மூன்றாந் தலைமுறையில் மறைகின்றது. ஜப்பானியர்க்கும் இதுவே நேர்ந்தது.

மொழி தேய்ந்தாலும் மானம் தேய்வதில்லை என்பதற்குத் தில்லையாடி வள்ளியம்மையே சான்று. 1898இல் ஜோஹன்னஸ்பர்க்கிற் பிறந்த அவரை ஜப்பானியர் வழக்கில் நிஸே எனலாம். பெயரோடு சேர்ந்த ஊர் பெற்றோர்வழி வந்தது. அவர் உரிமை கேட்டதோ பிறந்த நாட்டினிடத்து. இந்தியர் திருமணங்களைச் செல்லாதெனக் கூறியதை எதிர்த்துச் சிறை சென்று, நோயுற்று, 1914 பிப்ரவரி 22இல் பதினாறாம் வயதில் இறந்தார்.

இவையெல்லாம் தொலைவில் நிகழ்ந்தவை என்று யாம் கருதவில்லை. பென்னலூரில் இருந்து மீளும் ஜப்பானியப் பொறியாளர் ஈண்டு நிஸே தலைமுறையை விட்டுச் செல்லார். ஆனால் அதே தொழிற்சாலைகளிலும், அவற்றைச் சூழ்ந்த கட்டட வேலைகளிலும் பீஹார், ஒடிஸ்ஸா, வங்காளம், அஸ்ஸாம் முதலிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர் உழைக்கின்றனர். அவர்கள் நம் நாட்டுக் குடிமக்களே. எனினும் மொழியால் அயலார். அவருட் சிலரேனும் குடும்பத்தோடு இங்கேயே தங்குவர். அவர் மக்கள் நம் பள்ளிகளில் அகரம் பயில்வர். தந்தைக்கு மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் மொழிபெயர்த்து உதவுஞ் சிறுவன், தந்தைக்காக நிலவுரிமை தாங்கிய நிஸே குழந்தைக்கு உறவினனே. அவனுக்குத் தமிழை அன்போடு கற்பித்தலும், அவன் இல்லத்து மொழியை இகழாதிருத்தலும் ஆகிய இரண்டும் நம்மால் இயல்வன. வள்ளியம்மைக்கு அவர் பிறந்த நாடு மறுத்ததை நம் ஊரிற் பிறக்கும் குழந்தைக்கு நாம் மறுத்தல் தகாது என்பதே எம் துணிபு.