வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்

கோவைப் பட்டறைகளில் பவர் பிரஸ் விரலை வாங்கிக்கொள்வது புதிதல்ல. தகட்டைத் தள்ளிய கை வெளியே வருவதற்குள் டை இறங்கிவிடும். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே முதலாளி தரப்பு ஆள் வந்து நிற்பார். “இருவதாயிரம் வெச்சுக்க தம்பி, வைத்தியச் செலவையும் நாங்களே பாத்துக்கறோம். இந்த வெத்துத்தாள்ல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுரு.” வாடகை பாக்கி நினைவுக்கு வர, பலரும் போட்டுவிடுகிறார்கள்.

போடவே கூடாது. போட்டுவிட்டாலும் பயப்பட வேண்டாம்: இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. இது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலேயே இருந்தது. அந்தச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்துக்கும் அதில் இடம் உண்டு.

அந்த இருபதாயிரத்தைச் சட்டத்தின் கணக்கோடு வைத்துப் பாருங்கள். முப்பது வயது, மாதச் சம்பளம் 15,000. அதில் 60 சதவீதம் 9,000. முப்பது வயதுக்குச் சட்டம் தரும் காரணி 207.98. பெருக்கினால் 18,71,820 ரூபாய். இது முழு ஊனத்துக்கு. ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20 சதவீத இழப்பு என்கிறது சட்டத்தின் அட்டவணை. ஆக 3,74,364 ரூபாய். உயிரே போனால் 60க்குப் பதில் 50 சதவீதத்தில் கணக்கு.

அட்டவணையோடு எல்லாம் முடிந்துவிடுவதுமில்லை. இடது கையை முழங்கைக்கு மேலே இழந்த ஒரு தச்சரின் வழக்கில், ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, எனவே இது முழு ஊனம்தான் என்று 1975இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. எது போனது என்பதோடு, எந்த வேலை போனது என்பதையும் பார்த்த தீர்ப்பு அது.

இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்கள் அங்கேதான் கேட்க வேண்டும். இ.எஸ்.ஐ., முதலாளி என இரண்டு இடத்திலும் வாங்க முடியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அடிபட்டாலும் உரிமை உண்டு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும்.

“நீ கான்ட்ராக்டர் ஆளு” என்று கைகழுவுவார்கள். கான்ட்ராக்டர் மூலம் வந்தவருக்கும் ஆலைக்காரர் பொறுப்புத்தான். இழப்பீட்டை ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி. தகுந்த காரணமில்லாமல் இழுத்தடித்தால் 50 சதவீதம் வரை அபராதம்.

மனுவைத் தொழிலாளர் துறையில் இதற்கான அதிகாரியிடம் இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன், ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே “வேலை செய்யும்போது மெஷினில் அடிபட்டது” என்று பதியச் சொல்லுங்கள். “வீட்டில் விழுந்துவிட்டேன்” என்று சொல்லச் சொல்பவர் யாராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.