கருவறை இருளும் கண்ணின் இயல்பும்

உச்சிக்கால வழிபாட்டிற்காக வெயிலில் வெளிப்பிராகாரம் வலம் வந்து, கொடிமரம் வணங்கி, மகாமண்டபம் கடந்து, அர்த்தமண்டப வாயிலில் நாம் நிற்கின்றோம். உள்ளே தூண்டாவிளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கின்றது. ஆயினும் முதற்கணத்தில் இறைவன் திருமேனி நமக்குப் புலப்படுவதில்லை. சற்று நின்றால், நாகாபரணத்தின் மினுக்கமும், பின்னர் மாலையும், அதன்பின் ஆவுடையாரின் விளிம்பும் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன. விளக்கின் ஒளி கூடவில்லை. பின் கூடியது எது?

இருளில் கண்ணின் பாவை விரியும் என்பதைப் பலரும் அறிவர். அதன் குறுக்களவு 2 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டர் வரை விரிந்தாலும், உட்புகும் ஒளி 16 மடங்கே பெருகும். வெயிலுக்கும் கருவறைக்கும் உள்ள வேற்றுமையோ பல்லாயிரம் மடங்கு. எஞ்சிய பணியைச் செய்வது விழித்திரையே.

விழித்திரையில் கூம்பு, கோல் என ஒளியுணரும் அணுக்கள் இருவகை உள. ஏறத்தாழ 60 இலட்சம் கூம்புகள் பகலொளிக்கும் நிறத்திற்கும் உரியன. 9 கோடிக்கு மேற்பட்ட கோல்கள் மங்கிய ஒளிக்கு உரியன. அவை நிறம் அறியா. கோல்களில் ரொடாப்சின் என்னும் செந்நிறப் பொருள் ஒன்றுண்டு. வெயிலில் அது வெளுத்துப் போகும். இருளில் சிறிது சிறிதாக மீண்டும் ஊறும். கூம்புகள் சுமார் 10 நிமிடங்களில் இருளுக்கு இசைந்துவிடும். கோல்கள் முற்றும் இசைய அரைமணி நேரத்திற்கு மேலாகும். வைட்டமின் ஏ இன்றி அப்பொருள் உருவாகாது. இதனை ஆராய்ந்த ஜார்ஜ் வால்டு 1967இல் நோபெல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர். மாலைக்கண் நோய்க்கு முருங்கைக்கீரை உண்ணச் சொன்ன நம் பாட்டியர்க்குப் பரிசளிப்பார் இல்லை!

இருளுக்கு இசைந்த கண்ணின் கூர்மை வியப்பிற்குரியது. ஹெக்ட், ஷ்லேர், பிரேன் என்னும் மூவர் 1942இல் வெளியிட்ட ஆய்வின்படி, 5 முதல் 14 வரையிலான ஒளித்துகள்களைக் கோல்கள் ஏற்றாலே மனிதன் ஒளியைக் கண்டதாக உணர்கின்றான். கார்த்திகை மீன்களை நேரே நோக்குவதினும் சற்று ஒதுங்கி நோக்கினால் மிகுதியாகத் தெரிவதும் கோல்களாலேயே; பார்வையின் நடுமையத்தில் கோல்கள் இல்லை.

இத்துணை நுண்ணிய கண்ணும் தானாகக் காண்பதில்லை என்பது சித்தாந்தத் துணிபு. முப்பத்தாறு தத்துவங்களுள் ஞானேந்திரியம் ஐந்தும் கருவிகளே, அறிவது உயிர். விழித்திரையின் குறிப்பு நரம்பு வழியே மூளையின் பின்புறம் சென்று சேர்வதை அறிவியல் காட்டுகின்றது. அக்குறிப்பு 'காண்கின்றேன்' என்னும் உணர்வாகும் விதத்தை அது இன்னும் முற்ற விளக்கவில்லை. இதனைக் கொண்டு, கோலும் கூம்பும் நம் ஆகமத்தில் முன்னமே உள்ளன என்று கூறி மகிழ்வது நமக்கு உடன்பாடன்று. ஆகமத்தின் வினா வேறு. ஆய்வுக்கூடத்தின் வினா வேறு.

மற்றொன்றும் கூறவேண்டும். முதுமையில் இவ்விசைவு மேலும் தாமதமாகும். எழுபது வயதுப் பெரியவர் வாயிற்படியில் தயங்கி நிற்கின்றார். பின்னிருப்போர் "நகருங்கள், நகருங்கள்" என்று நெருக்குகின்றனர். அவர் கண்ணுக்கு இன்னும் திருமேனி தெரியவில்லை. பத்துக் கல் நடந்து வந்தவர், காணாமலே திருநீறு பெற்றுத் திரும்புகின்றார். வரிசையில் நிற்கும்போது கைப்பேசித் திரையை உற்றுநோக்கும் இளைஞருக்கும் ஏறக்குறைய இதே இழப்புத்தான்; அது அவரே தேடிக்கொண்டது.

தரிசனம் முடிந்து வெளியே வந்ததும் கண் கூசுகின்றது. அக்கூச்சம் விரைவில் அடங்கிவிடும். இருளுக்கு இசைய அரைமணி கேட்ட கண், வெயிலுக்கு இசையச் சில நிமிடங்களே கேட்கின்றது.