பாத்திக்கு அடியில் சரளைக்கல் வேண்டாம்!

நாலைந்து நாள் விடாமல் மழை பெய்த பிறகு உங்கள் புளோக்கின் கீழே உள்ள பூச்செடிகளைக் கவனித்திருக்கிறீர்களா? மண் சொதசொதவென்று இருக்கும். ஆனால் சில செடிகளின் இலைகள் தண்ணீரையே காணாதவைபோலத் தொங்கும். 'பாவம், வாடுகிறதே' என்று யாராவது இன்னொரு வாளி ஊற்றுவார்கள். பல செடிகள் அந்த வாளியால்தான் சாகின்றன.

வேருக்கும் சுவாசம் உண்டு. மண் துகள்களின் இடுக்குகளில் உள்ள காற்றிலிருந்து அது ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. அந்த இடுக்குகளில் நீர் நிறைந்துவிட்டால் ஆக்சிஜன் பரவும் வேகம் ஏறக்குறைய 10,000 மடங்கு குறைந்துவிடும். மூச்சுத் திணறும் வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் ஈரத்தில் நிற்கும்போதே செடி வாடுகிறது.

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. தேக்காவில் பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்று பெயர்கள் இருப்பதற்கும் நீர்தான் காரணம். ரோச்சோர் ஆற்றை ஒட்டிய சதுப்பு நிலம் கால்நடை வளர்ப்புக்கு ஏற்றதாக இருந்தது. ('கெர்பாவ்' என்றால் மலாயில் எருமை.) எருமைக்குச் சேறு சுகம், மல்லிகைக்கு ஆகாது.

அதனால்தான் மேட்டுப்பாத்தி. தேசியப் பூங்காக் கழகம் பூங்காக்களில் வாடகைக்கு விடும் தோட்டத் துண்டுகளும் 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம் கொண்ட மேட்டுப்பாத்திகளே.

ஆனால் பாத்தி கட்டும் பலர், தண்ணீர் வடியட்டும் என்று அடியில் சரளைக்கல்லைக் கொட்டுகிறார்கள். நானும் அப்படிச் செய்து ஒரு செம்பருத்தியை அழுக விட்டிருக்கிறேன். தவறு எங்கே என்று அறிய, பாத்திரம் தேய்க்கும் ஸ்பான்ஜ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நீரில் ஊறவைத்துப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும், பிழியாமல் அப்படியே செங்குத்தாகத் திருப்புங்கள். மறுபடியும் சொட்டும்!

நுண்துளைகள் நீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இதுதான் நுண்புழை ஈர்ப்பு. எனவே வடிந்த பிறகும் ஸ்பான்ஜின் அடியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு நீர் தங்கிவிடும். மண்ணிலும் அப்படித்தான். மண்ணின் சிறு துளைகளில் உள்ள நீர், கற்களின் பெரிய இடைவெளிக்குள் எளிதில் இறங்காது. மண்ணும் கல்லும் சேரும் இடத்துக்கு மேலேயே தேங்கி நிற்கும். 30 சென்டிமீட்டர் பாத்தியில் 10 சென்டிமீட்டர் கல் போட்டால், அந்த ஈர அடுக்கும் 10 சென்டிமீட்டர் மேலேறி வேரின் அருகே வந்துவிடும். நிமிர்த்த வேண்டிய ஸ்பான்ஜை நாமே படுக்க வைத்த கதை!

அப்படியானால் என்ன செய்யலாம்? பாத்தியின் அடிப்பாகம் திறந்திருக்கட்டும். கீழே உள்ள இறுகிய களிமண்ணைக் கொத்திவிட்டு, அடியிலிருந்து மேல்வரை ஒரே கலவையை நிரப்புங்கள். தோட்டமண்ணும் மக்கிய உரமும் போதும். களி அதிகமானால் பெர்லைட் சேர்க்கலாம். இட்லிப்பூ, நந்தியாவட்டை, கறிவேப்பிலை எதுவானாலும், தண்டும் வேரும் சேரும் இடம் மண்ணுக்குள் புதையக்கூடாது. மக்கு உரம் சிதையச் சிதையப் பாத்தி மட்டம் இறங்கும். அப்போது தண்டைச் சுற்றி மண்ணைக் குவிக்காமல் ஓரங்களில் நிரப்புங்கள்.

செடி வாடினால் முதலில் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். இரண்டு கணு ஆழத்தில் ஈரம் தட்டுப்பட்டால், வாளியை இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.